பதநீராக ஏறி, கள்ளாக இறங்கியது

போன வருடம் சித்திரையில் ஈரோட்டுக் குடும்பம் ஒன்றை ராமேஸ்வரத்துக்கு ஏற்றிக்கொண்டு போனேன். உச்சிப்புளி தாண்டியதும் சாலையோரத்தில் ஒரு அம்மாள் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார். ஓலைப் பட்டையில் ஊற்றித் தந்ததை ஆளுக்கொன்று குடித்துவிட்டு, ருசி விடாமல், ஊருக்குக் கொண்டுபோக இரண்டு பிளாஸ்டிக் பாட்டில் நிறைய வாங்கினார்கள். பின் சீட்டுக்கு அடியில் உருட்டிவிட்டார்கள். அப்போதே தடுத்துச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். சொல்லவில்லை. தனுஷ்கோடிப் பேச்சில் மறந்துவிட்டேன்.

தனுஷ்கோடிச் சாலை முடிகிற அரிச்சல்முனையில் காரை நிறுத்திவிட்டு அவர்கள் கடலைப் பார்க்கப் போனார்கள். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, காருக்குள்ளிருந்து வந்த வாசனையில் அந்த வீட்டுப் பெரியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒரு பாட்டிலின் மூடி பிதுங்கி நுரை வழிந்து, மிதியடி முழுக்க ஈரம். மற்றொன்றை நான் மெதுவாகத் திருகினேன், அது சோடா போலச் சீறியது. தமிழ்நாட்டில் கள் இறக்க 1987 முதல் தடை இருக்கிறது. என் கார் அன்றைக்கு இரண்டு பாட்டில் இறக்கியிருந்தது.

பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்புதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால், வடிகிற சாறு புளிக்காமல் நிற்கும். வடிகட்டிப் பாட்டிலில் அடைத்தபின், அடியில் தங்கிய சுண்ணாம்பையும் விட்டுவிட்டு வந்தபின், அந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது. குளிரில் வைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். மூடிய காருக்குள் வைத்தால் நடப்பது மேலே சொன்னதுதான்.

அந்த மிதியடியை மூன்று முறை கழுவினேன். வாசனை ஒரு வாரம் போகவில்லை. அந்த வாரம்தான் காருக்குள் ஏதாவது ஒன்றைக் குளிர்ச்சியாக வைத்துக் காட்டுவது என்று முடிவெடுத்தேன்.

என் தொழிலில் கார் ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகம். ராமநாதபுரத்திலிருந்து சவாரி ஏற்றினால், கோயிலில் 22 தீர்த்தமும் ஆடி, ஈரத் துணி மாற்றி, தரிசனம் முடித்து வர குறைந்தது மூன்று மணி நேரம். பிறகு தனுஷ்கோடியில் ஒன்றரை மணி நேரம். பாம்பன் பாலத்தில் நின்று படம் எடுப்பது தனி. வந்து ஏறுகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: "தண்ணீர் இருக்கிறதா?" இருக்கிறது. வாயில் வைக்க முடியாத சூட்டில் இருக்கிறது.

தனுஷ்கோடிச் சாலையை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரைத் தாண்டி, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை போகிற தார்ச்சாலை 2017-ல் திறக்கப்பட்டது. ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. முனையில் ஒரு காருக்கு நிழல் தருகிற மரம் ஒன்றுகூடக் கிடையாது. தீவுக்குள் வேறு இடங்களில் குடை விரித்ததுபோல் உடை மரங்கள் நிற்கும், அடியில் நிறுத்த இடம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள். முனையில் அந்தப் பாக்கியமும் இல்லை. மணலும் வெயிலும் காற்றும்தான்.

வீட்டில் அம்மா காய்ச்சல் பார்க்கிற கருவியைக் காருக்குள் வைத்துப் பார்த்தால் அது அளவைத் தாண்டி முழிக்கும். ஆகவே சமையலுக்கு விற்கிற நீளக் கம்பி வெப்பமானி ஒன்று வாங்கினேன். வெளியே நிழலில் 35 டிகிரி இருந்த ஒரு மதியம், மூடிய காருக்குள் முகத்தளவு உயரத்தில் 58 காட்டியது. டேஷ்போர்டின் மேல் வைத்தபோது 70-ஐத் தாண்டியது. அங்கே நான் எப்போதும் போட்டு வைக்கிற எவர்சில்வர் பாட்டிலைத் தொட்டு, கையை உதறினேன்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெயிலின் ஒளி கண்ணாடி வழியாகத் தடையில்லாமல் நுழைகிறது. கறுப்பு டேஷ்போர்டிலும் சீட்டிலும் பட்டுச் சூடாக மாறுகிறது. சூடான பொருள்கள் திரும்ப வீசுகிற வெப்பக் கதிரைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. சூடேறிய காற்றும் கதவுகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. எனக்குப் புதிதாக உறைத்தது இதன் அளவு. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் விழுவது ஏறத்தாழ 1000 வாட். காரின் முன் கண்ணாடியே கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர் இருக்கும். அதில் பாதிதான் உள்ளே வருகிறது என்று வைத்தாலும் 500 வாட். பின் கண்ணாடி, பக்கக் கண்ணாடிகள், கொதிக்கிற கூரைத் தகடு எல்லாம் அதற்கு மேல். ஆளில்லாத காருக்குள் ஒரு இஸ்திரிப் பெட்டி எரிந்துகொண்டே இருப்பதற்குச் சமம். இந்தக் கணக்கை நான் முதலிலேயே போட்டிருக்க வேண்டும். போட்டது கடைசியில்.

முதலில் செய்தது, எல்லோரும் செய்வது: 12 வோல்ட்டில் ஓடுகிற சிறிய குளிர்ப்பெட்டி ஒன்று வாங்கினேன். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினால் போதும், கம்ப்ரசர் இல்லை, வாயு இல்லை, சத்தம் இல்லை. ஒரு சின்ன விசிறி மட்டும் முனகும். உள்ளே இருப்பது பெல்டியர் தகடு. 1834-ல் பிரான்சில் பெல்டியர் என்பவர், கடிகார வியாபாரம் செய்து பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர், இரண்டு உலோகங்கள் சேருகிற இடத்தில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு முனை சூடாகிறது, மறுமுனை குளிர்கிறது என்று கண்டார். அந்த வித்தைதான் இன்று குறைக்கடத்தித் தகடாகப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக் கூடத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் சில்லென்று இருந்தது. அம்மா, "ஐந்தாயிரத்துக்கு இது பரவாயில்லை" என்றார். அவரிடமிருந்து அப்படி ஒரு சொல் வருவது அபூர்வம்.

காரில் வைத்த முதல் நாளே ஒன்று தெரிந்தது. என் காரில் சாவியை எடுத்ததும் சாக்கெட்டுக்கு மின்சாரம் நின்றுவிடும். ஓடும்போது குளிர்ச்சி, நிற்கும்போது ஒன்றுமில்லை. எனக்கு வேண்டியதோ நேர் எதிர். நான் மின்பிரிவில் டிப்ளமோ படித்தவன். படித்த திமிரில், பேட்டரியிலிருந்து நேரே ஒரு வயர் இழுத்து, 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை நடுவில் போட்டு, சாவி இல்லாமலே பெட்டி ஓடும்படி செய்துவிட்டேன்.

அந்தத் திமிர் அடங்கிய இடமும் அரிச்சல்முனைதான். விருதுநகரிலிருந்து வந்த நான்கு பேர், கோயிலில் மூன்றரை மணி நேரம், முனையில் ஒன்றரை. இடையில் கார் ஓடியது அரை மணி நேரம்கூட இருக்காது. பெட்டி ஓடும்போது நான்கு ஆம்பியர் குடிக்கும். நான்கைந்து மணி நேரத்துக்கு 16 முதல் 20 ஆம்பியர்-மணி. என் கார் பேட்டரி மொத்தமே 35, அதுவும் மூன்று வயது ஆனது. சாவியைத் திருகினேன். "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கிய கல்லூரிப் பிள்ளைகள் தள்ளிக் கொடுத்தார்கள். தள்ளும்போது ஒருவன் கேட்டான்: "அண்ணே, உள்ளே ஜில்லென்று ஏதாவது இருக்கிறதா?" இருந்த எல்லாவற்றையும் கொடுத்தேன். ஜில்லென்று இல்லை என்பதை அவர்கள் நாகரிகமாகச் சொல்லாமல் விட்டார்கள்.

கார் பேட்டரி, இஞ்சினை உதைத்து எழுப்ப ஒரு நொடிக்குப் பெரிய சக்தி தருவதற்காகச் செய்யப்பட்டது. மணிக்கணக்கில் சிறுகச் சிறுகக் கறந்து அடிவரை காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்.

அடுத்து மனம் போனது மேலே, வானத்துக்கு. எங்கள் மாவட்டத்தில் வெயிலைத் தவிர வேறு எது மிஞ்சிக் கிடக்கிறது? கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. 25 லட்சம் தகடுகள், அவற்றைத் துடைக்க இயந்திரங்கள். கமுதி வெயிலால் அவ்வளவு முடிகிறது என்றால், என் காருக்கு மேல் காய்கிற அதே வெயிலால் நாலு பாட்டில் தண்ணீரைக் குளிர வைக்க முடியாதா என்று நினைத்தேன்.

100 வாட் பேனல் ஒன்று, சார்ஜ் கன்ட்ரோலர் ஒன்று, 20 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று. பேனல் ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் அகலம். கூரைக் கேரியரில், தகடுக்கும் பேனலுக்கும் இடையில் நான்கு விரல் இடைவெளி விட்டு, போல்ட் போட்டு இறுக்கினேன். இடைவெளி விட்டது காற்று ஓடுவதற்கு. பேனல் சூடானால் மின்சாரம் குறையும், 25 டிகிரிக்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 முதல் 0.4 சதவீதம் அளவுக்கு. கூரை மேல் தகடு 65 டிகிரிக்குப் போகிற ஊரில், 100 வாட் என்று ஒட்டியிருப்பதில் 85 கிடைத்தாலே சந்தோஷம். படுக்கையாக வைத்திருப்பது, மேலே படிகிற உப்புத் தூசு எல்லாம் கழித்தால் எழுபது சொச்சம்.

பாம்பன் பாலத்தில் ஏறியதும் பேனல் பாட ஆரம்பித்தது. அந்தக் காற்று சாதாரணக் காற்றில்லை. பழைய ரயில் பாலம் இயங்கிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். 1914-ல் திறந்த அந்தப் பாலத்துக்கு இருந்த அடக்கம் எனக்கு இல்லை. கேரியரில் இரண்டு போல்ட் மட்டும் போட்டிருந்தேன். அன்று மாலையே ஆறாக்கினேன், ஒவ்வொன்றுக்கும் லாக் நட். இதை எழுதுவதே, கூரையில் எதையாவது கட்டுகிறவர்கள் முதலில் காற்றை நினைக்க வேண்டும் என்பதற்காகத்தான். பின்னால் வருகிறவர் தலைமேல் அது பறந்தால் குளிர்ந்த தண்ணீர் யாருக்கும் உதவாது.

மின்சாரம் வந்தது. கன்ட்ரோலரின் சின்னத் திரையில் நண்பகலில் 70 வாட் காட்டியது. பெல்டியர் பெட்டி 50 வாட்தான் கேட்கும். மிச்சம் பேட்டரிக்குப் போகும். கார் பேட்டரிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. எல்லாம் சரி. கோயில் வாசலில் மூன்று மணி நேரம் நிறுத்தி, பெருமையோடு பெட்டியைத் திறந்தேன். பாட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. வெப்பமானியை உள்ளே விட்டேன்: 41.

பெட்டி பழுது என்று நினைத்து விற்றவருக்குப் போன் செய்தேன். அவர் பெட்டியோடு வந்த சீட்டைப் படிக்கச் சொன்னார். படித்தேன். "சுற்றுப்புறத்தைவிட 15 முதல் 20 டிகிரி குறைவாகக் குளிர்விக்கும்." எவ்வளவு நேர்மையான வாசகம்! வீட்டுக் கூடத்தில் 32 டிகிரி, அதில் 18 கழித்தால் 14, சில்லென்று இருந்தது. வெயிலில் நின்ற காருக்குள் 59. அதிலும் அது சொன்னபடி 18 கழித்துத்தான் கொடுத்திருக்கிறது. தவறு பெட்டியுடையது இல்லை. நான்தான் அதை அடுப்புக்குள் வைத்துவிட்டு ஐஸ் கேட்டவன்.

இன்னொன்றும் இருக்கிறது. பெல்டியர் தகடு 50 வாட் மின்சாரம் தின்றால், உள்ளிருந்து வெளியேற்றுகிற வெப்பம் அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். ஆனால் தின்ற 50 வாட்டும், வெளியேற்றிய வெப்பமும் சேர்ந்து பெட்டியின் பின்னால் சூடான காற்றாகக் கொட்டுகிறது. எங்கே கொட்டுகிறது? மூடிய காருக்குள். அதாவது கூரைமேல் பேனல் வாங்கிய வெயிலை, வயர் வழியாகக் கீழே இறக்கி, ஏற்கெனவே வெந்துகொண்டிருந்த காருக்குள் நானே ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பெரிய கம்பெனிகள் இதை நன்றாகவே அறிந்திருக்கின்றன. 2009-ல் வந்த டொயோட்டா பிரியஸ் காரில், கூடுதல் விலைக்கு, கூரையில் சூரியத் தகடு பதித்துக் கொடுத்தார்கள். நிற்கிற காரில் அது என்ன செய்தது? விசிறியை ஓட்டி உள்ளே இருக்கிற சூட்டுக் காற்றை வெளியே தள்ளியது. அவ்வளவே. அத்தனை இஞ்சினியர்கள் உட்கார்ந்து யோசித்து, கூரை வெயிலால் முடிகிற வேலை காற்றை மாற்றுவது மட்டும் என்று தீர்த்த இடத்தில், நான் குளிர்பானக் கடை போடப் பார்த்தேன்.

இந்தக் கதையைப் பெரியபட்டினத்தில் ஒரு காக்காவிடம் (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) சொல்லிப் புலம்பினேன். கணவாயும் நண்டும் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறவர். முப்பது வருடமாக ஐஸோடு குடும்பம் நடத்துகிறவர். அவர் சிரிக்கவில்லை, அதுவே எனக்கு ஆறுதல். "தம்பி, உன் பெட்டிக்குள் காலையில் என்ன வைக்கிறாய்?" என்று கேட்டார். "தண்ணீர் பாட்டில்." "எப்படிப்பட்ட தண்ணீர்?" "சாதாரணத் தண்ணீர்." "அதுதானே பார்த்தேன். சூட்டை வைத்துப் பூட்டிவிட்டு, உள்ளே போய்க் குளிரச் சொல்கிறாய்."

அவருடைய பெட்டியைக் காட்டினார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தெர்மாகோல் பெட்டிகள். அடியில் உடைத்த ஐஸ், நடுவில் மீன், மேலே மறுபடி ஐஸ், அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள், மூடிக்கு மேல் நனைத்த சாக்கு. ஐஸ் பார் உடைத்துப் போட்டது காலை ஐந்து மணிக்கு, நான் பார்த்தபோது மதியம் இரண்டு. அடியில் கொஞ்சம் தண்ணீர், மற்றபடி ஐஸ் அப்படியே. "மின்சாரம் எங்கே இருக்கிறது சொல்" என்றார். பிறகு, பாதி விளையாட்டாக, "மூடியைச் சும்மா சும்மா திறக்கிறவன் கையைக் கட்டிப்போட வேண்டும். பாதி ஐஸைத் தின்பது அவன்தான்."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். இந்தக் கணக்குதான் எனக்கு எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. ஒரு கிலோ ஐஸ் உருகித் தண்ணீராவதற்கு 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்குகிறது. மின்சாரக் கணக்கில் 93 வாட்-மணி. அரை லிட்டர் பாட்டில்கள் ஆறை, அதாவது மூன்று லிட்டரை, 35 டிகிரியிலிருந்து 10-க்கு இறக்க வேண்டிய வெப்பம் 87 வாட்-மணி. ஒரு கிலோ ஐஸ் போதும்! ஒரு கிலோ எடையுள்ள ஈய பேட்டரி வைத்திருக்கிற மின்சாரம் 30 முதல் 40 வாட்-மணிதான், அதையும் பெல்டியர் வழியாகக் குளிராக மாற்றினால் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். எடைக்கு எடை, ஐஸ் ஒரு பேட்டரியை எங்கோ விட்டுவிட்டது. கரண்டு சரியாக வராத ஊர்களில் தடுப்பூசி வைக்கிற சூரியக் குளிர்பெட்டிகளில் சிலவகை, பேட்டரியே இல்லாமல், பகல் வெயிலில் உள்ளேயே ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு இரவைக் கடத்துகின்றன. குளிரைச் சேமிக்க மின்சாரம் வேண்டாம், குளிராகவே சேமிக்கலாம்.

நம் ஊருக்கு இது புதிதுமில்லை. சென்னையில் ஐஸ் ஹவுஸ், இப்போது விவேகானந்தர் இல்லம், 1842-ல் கட்டப்பட்டது எதற்கு? அமெரிக்காவின் குளிர்கால ஏரிகளில் அறுத்தெடுத்த ஐஸை, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து வைப்பதற்கு. பூமத்திய ரேகையைத் தாண்டி வந்த ஐஸ்! நான் ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரை 55 கிலோமீட்டர் கொண்டுபோக முடியாமல் பேனல் மாட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா நடுவில் ஒரு யோசனை சொன்னார். "மண்பானையில் வைத்துக் கொண்டு போயேன்." அவர் பிறந்தது கமுதிப் பக்கம். அங்கே சித்திரை வெயிலில் பானைத் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும் என்பார். பானையின் துளைகளில் கசிகிற தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் ஆவியானால் கிட்டத்தட்ட ஏழு கிலோ ஐஸ் செய்கிற வேலை. ஆனால் காற்று அந்த ஆவியை வாங்கிக்கொள்ள வேண்டும். கமுதியில் 38 டிகிரி, ஈரப்பதம் நூற்றுக்கு 30 என்றால் நனைந்த துணி சுற்றிய வெப்பமானி 24 வரை இறங்கும். பாம்பனில் 34 டிகிரி, ஈரப்பதம் 70 என்றால் 29-க்குக் கீழே போகாது. வெயில் கொஞ்சம் குறைவான ஊரில் பானைத் தண்ணீர் அதிகச் சூடாக இருக்கிறது. அம்மா கல்யாணமாகிக் கடற்கரைக்கு வந்த புதிதில், "இந்த ஊர் பானை சரியில்லை" என்று குயவரிடம் சண்டை பிடித்தாராம். பானை சரியாகத்தான் இருந்திருக்கிறது, காற்றுதான் ஏற்கெனவே குடித்து நிறைந்திருந்தது. கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில், தரையிலிருந்து வருகிற காற்று காய்ந்திருப்பதால், எங்கள் பானையும் கொஞ்சம் வேலை செய்யும். மூடிய காருக்குள் எந்த மாதமும் செய்யாது. உள்ளே இருக்கிற கொஞ்சக் காற்று சீக்கிரம் ஈரத்தால் நிறைந்துவிடும். காக்காவின் சாக்கு மட்டும் எப்படி என்றால், அவர் பெட்டி திறந்த வண்டியில் காற்றில் போகிறது.

இவ்வளவும் ஆன பிறகு இப்போது என் காரில் இருப்பது இதுதான். பெல்டியர் பெட்டி வீட்டுக் கூடத்தில் அம்மாவின் இன்சுலினுக்கும் மோருக்கும் காவல், அங்கே நல்ல பிள்ளையாக இருக்கிறது. காரில் ஒரு பழைய 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், 18 லிட்டர், இரண்டாம் கையாக வாங்கியது. ஓடும்போது 45 வாட் எடுக்கும், ஆனால் எப்போதும் ஓடாது, குளிர்ந்ததும் நின்று நின்று ஓடும். எடுக்கிற மின்சாரத்தைவிட அதிக வெப்பத்தை அது வெளியேற்றும், பெல்டியரோடு ஒப்பிடவே கூடாது. இரவில் வீட்டு மின்சாரத்தில் ஓட்டிவிடுகிறேன். காலையில் கிளம்பும்போது உள்ளே எல்லாமே குளிர்ந்த பாட்டில்கள், இரண்டு பாட்டில் முழுக்க உறைந்த ஐஸ். ஃபிரிட்ஜைச் சுற்றி, பின்னால் சூட்டுக் காற்று வெளியேறுகிற இடம் தவிர, பழைய பாய் ஒன்றை மடித்துக் கட்டியிருக்கிறேன். பார்க்க அசிங்கம். இருக்கட்டும்.

பேனலுக்கு இப்போது சின்ன வேலைதான்: இருக்கிற குளிர் போகாமல் பார்த்துக்கொள்வது. அதற்கு 70 வாட் தாராளம். இதில் நான் எதிர்பாராத சௌகரியம் ஒன்று உண்டு. வெயில் கொளுத்துகிற நேரத்தில்தான் கார் சூடாகிறது, அதே நேரத்தில்தான் பேனலும் முழு வீச்சில் தருகிறது. ஐப்பசியில் மேகம் மூடினால் மின்சாரம் குறைகிறது, குளிரின் தேவையும் கூடவே குறைகிறது. கேட்பவனும் கொடுப்பவனும் ஒரே ஆள் என்பதால் கணக்கு பெரும்பாலும் நேராகிவிடுகிறது.

மிச்சமிருந்த மின்சாரத்தில் ஒரு சின்ன விசிறி. பின் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, அந்த இடுக்கில் அட்டை வெட்டிப் பொருத்தி, சூட்டுக் காற்றை வெளியே தள்ளும்படி வைத்திருக்கிறேன். முன் கண்ணாடிக்கு வெள்ளி நிறத் திரை. மெக்கானிக் கடையில் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கியது. இதுவரை செய்த செலவுகளிலேயே அதிகப் பலன் தந்தது அந்த நூற்றைம்பது ரூபாய்தான் என்பதை, பதினெட்டாயிரம் செலவழித்த பிறகு ஒப்புக்கொள்ள வயிறு எரிகிறது. திரையும் விசிறியும் சேர்ந்து உள்ளே 58-ஐ 46-க்குக் கொண்டுவந்தன. பேனலின் நிழல் கூரையில் பாதியை மூடுவதும் ஒரு கை கொடுத்திருக்கும். அது எத்தனை டிகிரி என்று பிரித்துச் சொல்ல என்னிடம் இரண்டு கார் இல்லை.

செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு இரண்டு சங்கதிகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். லித்தியம் பேட்டரியை டேஷ்போர்டிலோ பின் கண்ணாடிக்குக் கீழோ வைக்கவே கூடாது, 60 டிகிரிக்கு மேல் அதற்கு ஆபத்து. என்னுடையது முன் சீட்டுக்கு அடியில், தரையோடு, ஃபியூஸுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அடுத்து உப்பு. கடற்காற்றில் பேனலின் மேல் இரண்டே நாளில் வெள்ளையாகப் படிந்துவிடும், வயர் இணைப்புகளில் பச்சைப் பூக்கும். நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத் துடைக்க வேண்டும், அதுவும் விடியற்காலையில். கமுதியில் இயந்திரம் துடைக்கிறது. இங்கே நான். கோயில் வாசலில் காரின் மேல் ஏறித் துடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து டாக்ஸி அண்ணன் ஒருவர், "தம்பி, கார் ஓட்டுகிறாயா, கரண்டு ஆபீஸ் நடத்துகிறாயா?" என்றார். அவருக்கும் ஒரு பாட்டில் கொடுத்தேன். குடித்துவிட்டு மறு வாரம் பேனல் விலை விசாரித்தார்.

போன மாதம் காரைக்குடியிலிருந்து ஒரு ஆச்சி, மகன் மருமகளோடு வந்திருந்தார். எண்பது வயது இருக்கும். 22 தீர்த்தமும் ஆடியே தீருவேன் என்று ஆடிவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு, மெல்ல நடந்து வந்து காரில் உட்கார்ந்தார். நான் காத்துக்கொண்டிருந்த தருணம் அது. ஃபிரிட்ஜைத் திறந்து, வெளியே வியர்த்து நின்ற ஒரு பாட்டில் நன்னாரி சர்பத்தை எடுத்து நீட்டினேன். வெப்பமானி 9 டிகிரி காட்டியது. அதையும் சொன்னேன்.

ஆச்சி பாட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு மருமகளிடம் கொடுத்துவிட்டார். "இத்தனை கிணற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறேன் அப்பச்சி, தொண்டை கட்டிவிடும். வெந்நீர் இருக்கிறதா?"

திரையை விலக்கி, டேஷ்போர்டின் மேல் கிடந்த என் எவர்சில்வர் பாட்டிலைத் துண்டால் பிடித்து எடுத்தேன். டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "பக்குவமாக இருக்கிறது" என்றார்.